பேர் மாற்றாத கார்

இரண்டு ஆணிகள் கழன்றுவிட்டன. மூன்றாவது துருப்பிடித்திருந்தது. ஸ்குறூட்றைவர் வழுக்கி அருளம்பலத்தின் பெருவிரலைக் கிழித்தது. வேட்டித் தலைப்பில் இரத்தத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் காருக்கு முன்னால் குந்தினார்.

"ஐயா, அங்கை என்ன செய்யிறியள்?"

பொலிஸ் ஸ்டேசன் வளவின் மறுகரையிலிருந்து சார்ஜன் கேட்டார்.

"நம்பர் தகட்டைக் கழற்றுறன்."

"ஏன், வீட்டை கொண்டுபோய்க் கறி வைக்கவோ? அது கோட்டு வழக்குச் சாமான். எழும்புங்கோ."

"தகடு போனால் என்ரை பேரும் போகுமெண்டு…"

"உங்கடை பேர் கொழும்பிலை பதிவுப் புத்தகத்திலையெல்லோ கிடக்கு. அங்கை போய்க் கழற்றேலுமோ?"

அருளம்பலம் எழும்பினார். காரின் முன்பக்கம் நசிந்திருந்தது. உடைந்த கண்ணாடியில் மீன் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன.

அது ஒரு கறுப்பு ஒஸ்ரின். புகையிலை நல்ல விலை போன வருடம் வாங்கியது. உரும்பிராயில் அவருடைய ஒழுங்கைக்குள் வந்த முதல் கார். வேறு எவரையும் ஓட விடமாட்டார். கோழி குறுக்கே போனால் நிறுத்தி, குஞ்சுகளும் கடக்கும்வரை காத்திருப்பார். சைக்கிள்காரர் மணியடித்து முந்திப் போவார்கள். "அருளம்பலத்தார் றோட்டை உழுகிறார்" என்று பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும். பத்து வருடத்தில் காரில் ஒரு கீறல் இல்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆண்டுதோறும் வந்து, விபத்தில்லாமல் ஓடியதற்கான கட்டணக் கழிவைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் அவர் கட்டியது மற்றவர்கள் கட்டுவதில் பாதிகூட இல்லை. "உங்களைப்போல நாலுபேர் இருந்தால் எங்கடை கொம்பனி தழைக்கும்" என்றார் ஏஜென்ட். அருளம்பலம் அதைக் காசாக எண்ணவில்லை. தன் ஒழுக்கத்துக்கு யாரோ கொடுத்த சான்றிதழாக எண்ணினார்.

பிறகு இரண்டு போகம் புகையிலை கருகியது. மகள் குணலட்சுமிக்குக் கலியாணம் பொருந்தியது. காரை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் விற்றது தெரியவும் கூடாது. பெண் பார்க்க வந்த நாளில் மாப்பிள்ளையின் தகப்பன், நல்லூர் நாகலிங்கம், காரின் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை அழைப்பு இந்தக் காரிலைதான்" என்று சொல்லியிருந்தார்.

கரவெட்டி ஆழ்வாப்பிள்ளை வாங்க வந்தது அப்போதுதான்.

"பேர் மாத்தவேண்டாம் அண்ணை. என்ரை பேருக்கு வந்தால் கழிவெல்லாம் போயிடும், இன்சூரன்சுக்கு இரட்டிப்பாக் கட்டவேணும். உங்கடை பேரிலையே கிடக்கட்டும், கட்டுற காசை நான் தாறன். கலியாணத்தண்டைக்குக் கழுவிக் கொண்டுவந்து வாசலிலை விடுறன். அதுக்குப் பிறகு மாத்துவம்."

அருளம்பலத்துக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பிள்ளையார் கோவில் வாசலில் வெற்றிலைமேல் வைத்து ஆழ்வாப்பிள்ளை காசைக் கொடுத்தான். தெரிந்த மனிதனிடம் விற்றதற்கு எழுத்துத் துண்டு கேட்பது முகத்தில் அடிப்பதுபோல. இவரும் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. கார் திருத்தக் கராஜில் நிற்கிறது என்று ஒழுங்கைச் சனத்துக்குச் சொல்லிவைத்தார்.

ஆழ்வாப்பிள்ளை அதில் கூலிக்கு ஆள் ஏற்றினான். சந்நிதி கோவிலுக்கு ஏழுபேரை அடைத்துக்கொண்டு போனபோது, வல்லை வெளியில் மீன்கூடையுடன் வந்த ஒரு சைக்கிள்காரனைக் காரால் அடித்தான். அவன் அந்த இடத்திலேயே செத்துப்போனான்.

"கார் உரும்பிராய் அருளம்பலத்தாற்றை" என்று பொலிசில் சொன்னான் ஆழ்வாப்பிள்ளை. "அவர் ஓடச்சொன்னபடிதான் நான் ஓடினனான்."

விசாரணை முடிந்து ஸ்டேசனுக்கு வெளியே வந்தபோது அருளம்பலம் அவனுடைய கையைப் பிடித்தார்.

"ஆழ்வாப்பிள்ளை, உள்ளதைச் சொல்லடாப்பா."

"எனக்கு ஐஞ்சு பிள்ளையள், அண்ணை" என்றான் அவன். "உங்களுக்கு ஒண்டுதானே."

சொந்த ஓட்டத்துக்கு என்று எழுதிய இன்சூரன்சில் கூலி ஓடியதால் கொம்பனி கைவிரித்தது. இனி அவரைக் காரோடு கட்டியிருந்தது பதிவுப் பெயர் மட்டும். தகட்டைக் கழற்றப் பார்த்து முடியாமற்போன அன்றே அவர் யாழ்ப்பாணத்தில் வழக்குப் பேசும் ஒரு புறக்கிராசியிடம் போனார்.

"வித்ததுக்குத் துண்டு இருக்கோ?" என்று கேட்டார் புறக்கிராசி.

"இல்லை. பிள்ளையார் வாசலிலை வைச்சு…"

"அப்ப பிள்ளையாரைச் சாட்சிக் கூட்டிலை ஏத்துவம். வித்த கையோடை இரண்டுபேரும் கையெழுத்து வைச்சுக் கொழும்புக்கு அனுப்பியிருந்தால் இண்டைக்கு நீங்கள் வீட்டிலை படுத்திருப்பியள். செத்தவன்ரை பெண்சாதி வழக்குப் போட்டால் நட்டஈடு உங்கடை காணியிலைதான் வந்து நிக்கும்."

காணி என்றால் வீடிருக்கும் காணிதான். குணலட்சுமிக்குச் சீதனம். உறுதிப் பத்திரத்தைக் கலியாண எழுத்தன்று அவள் பேருக்கு மாற்றி எழுதுவதாகப் பேச்சு.

மனைவி பாலேஸ்வரியிடம் மட்டும் அதைச் சொன்னார். அவள் அரிசி களைந்த கையோடு நின்றாள். "சம்பந்தியாக்களுக்குத் தெரியாமல் பாருங்கோ" என்றாள்.

திங்கட்கிழமை நாகலிங்கம் பந்தற்காரரைப் பற்றிக் கதைக்க வந்திருந்தார். தேநீரைப் பாதி குடித்திருப்பார். படலையைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். வெள்ளைச் சேலை. இடுப்பில் ஒரு குழந்தை. முற்றத்தில் நின்றாள், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"காருக்குச் சொந்தக்காரர் ஆர்?"

நாகலிங்கம் அருளம்பலத்தைப் பார்த்தார். அருளம்பலம் பாலேஸ்வரியைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார்.

"நான் தங்கமுத்து. வல்லை வெளியிலை அடிபட்டது என்ரை மனிசன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "சைக்கிளும் இரவல். அதைத் திருப்பிக் கேக்கினம். அதுதான் வந்தனான்."

நாகலிங்கம் தேநீரைக் கீழே வைத்தார்.

"கார் கராஜிலை எண்டியள்?"

"ஒரு தெரிஞ்ச பெடியன் கொண்டுபோய்…"

"சரி, நடக்கிறதுதான். இன்சூரன்ஸ் குடுக்கும்தானே?"

அருளம்பலம் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தினார்.

"குடுக்காதோ?" நாகலிங்கம் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கிணற்றடிவரை பார்த்தார். "காணி இன்னும் உங்கடை பேரிலைதானே கிடக்கு?"

"ஓம்."

நாகலிங்கம் சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். அதைப் பார்த்ததும் அருளம்பலத்தின் வாய் தானாகத் திறந்தது.

"கார் என்ரையில்லை. சத்தியமா இல்லை. நான் அதை வித்துப்போட்டன். கரவெட்டி ஆழ்வாப்பிள்ளைக்கு. ஆறு மாதமாச்சு."

"அப்ப மாப்பிள்ளை அழைப்புக்கு இரவல் காரோ?" என்றார் நாகலிங்கம். "முதல் உங்கடை எண்டியள். காணிக் கதை வந்தவுடனை இல்லையெண்டுறியள். இதிலை எதை நான் நம்ப?"

அவர் படலையைச் சாத்தாமலே போனார்.

தங்கமுத்து குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"அந்தக் கரவெட்டியாரும் இதைத்தான் சொன்னவர், தன்ரை கார் இல்லையாம்" என்றாள். "அப்ப அது தன்ரை பாட்டிலையோ ஓடி வந்தது?"

அருளம்பலம் முற்றத்துக்கு இறங்கினார். அவள் காத்து நின்றாள். பிறகு போய்விட்டாள். அறைக்குள் குணலட்சுமி இருமுவது கேட்டது. அவளுக்கு இருமல் இல்லை.

அடுத்த நாள் காலையில் கலியாணத் தரகர் வந்து, குணலட்சுமியின் சாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார். தேநீர் வேண்டாம் என்றார். பாலேஸ்வரி பந்தற்காரருக்கு ஆள் அனுப்பி வரவேண்டாம் என்று சொல்லுவித்தாள். அருளம்பலம் வாழைக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். பத்து மணி பஸ்ஸில், தங்கமுத்துவின் நட்டஈட்டைப் பேசித் தீர்க்க, காணி உறுதியோடு யாழ்ப்பாணம் போனார். புறக்கிராசி கோட்டுக்குப் போயிருந்தார். கிளாக்கர் உறுதியை வாங்கிவைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரச்சொன்னார். மத்தியானம் வெயிலாக இருந்தது. அவர் வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். குணலட்சுமி சோறு போட்டாள். சாப்பிட்டார்.