பல்லில்லாத முள் ஒரு பெட்டி

தூண்டில் கடையில் நின்று பிழைத்தவர்களுக்குத் தெரியும்: மீன் பிடிக்கத் தெரிந்தவன் கடைக்காரனிடம் எதுவும் கேட்கமாட்டான், தெரியாதவன் மீனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்பான். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், கயிறும் வலையும் தூண்டிலும் விற்ற ஒரு கடையில், தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து சில வருஷம் நான் கவுண்டரில் நின்றேன். நீங்கள் செருப்புக் கடையில் நின்றவராக இருந்தாலும் சரி, மருந்துக் கடையில் நின்றவராக இருந்தாலும் சரி, உங்கள் வயிற்றெரிச்சலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டித்தானே வருது?

எங்கள் கடையில் ஒரு வழக்கம். தூண்டில் முள் வாங்கினால் அதைத் தங்கூசியில், அதாவது நைலான் நரம்பில், கட்டியும் கொடுக்க வேண்டும். கட்டுவது நான். ஒருவருக்குக் கட்டும்போது நாலு பேர் சாய்ந்து நின்று ஊர்க்கதை பேசுவார்கள். எனக்கு அதுதான் இந்த வேலையிலேயே பிடித்த விஷயம். முதலாளிக்கோ அதைக் கண்டாலே ஆகாது. திருநெல்வேலிக்காரர். கடைக்கு வருகிறவன் வாங்க வேண்டும், நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. அதனால்தான் கொச்சி ஏஜென்ட் ஒருவர் வெளிநாட்டுச் சரக்கு என்று நரம்பு கட்டிய முள்ளை அட்டை அட்டையாக எடுத்துக் காட்டியபோது, "கட்டித்தானே வருது?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு பெட்டியே வாங்கிப் போட்டார்.

ஏஜென்ட் போன பிறகுதான் முள்ளைப் பார்த்தோம். சாதாரண முள்ளில் நுனிக்குக் கீழே பின்பக்கமாகச் சாய்ந்து ஒரு சின்னப் பல் இருக்கும். மாட்டிய மீனை நழுவ விடாமல் பிடிப்பது அதுதான். இதில் அந்தப் பல்லைக் காணோம். நானும் என்னோடு வேலை பார்த்த சசியும் அட்டையெல்லாம் பிரித்துத் தேடினோம், ஒன்றில்கூட இல்லை. முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அப்புறம் கோபம் என் பக்கம் திரும்பியது. ஓணத்துக்குள் பெட்டி தீர வேண்டும், தீர்ந்தால் இனிமேல் கட்டி வரும் முள்தான் வாங்குவது, முள் கட்டுகிற சோலியே கடையில் கிடையாது, தீராவிட்டால் நான் கயிறு குடோனுக்குப் போக வேண்டும் என்றார். குடோனில் தேங்காய் நார்த் தூசி. கால் மணி நேரம் நின்றால் எனக்கு மூச்சு இழுக்கும். நிஜமாகவே பயந்து போனேன். சசி என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணா, வித்தாலும் போச்சு, வித்தில்லெங்கிலும் போச்சு. இனி எந்து செய்யும்?"

கம்பிக்கூடு

பெட்டியோடு கொஞ்சம் கம்பிக்கூடுகளும் வந்திருந்தன. பார்த்தால் வாயில்லாத எலிப்பொறி. அதில் இரையைப் பிசைந்து அடைத்து நரம்போடு தண்ணீரில் எறிய வேண்டும். இரை கரைய, மீன் கூட, பக்கத்தில் கிடக்கும் முள்ளைக் கவ்வும். அட்டைப் படத்தை வைத்து நானாகப் புரிந்துகொண்டது இவ்வளவுதான். வெள்ளாயணிக் காயலில் காலமெல்லாம் புண்ணாக்கும் தவிடும் உருட்டி எறிந்து மீன் பிடித்த ஒருவரிடம் இதை விளக்கினேன். கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாங்கவில்லை. "நாங்க மீனுக்குக் கையால உருட்டிக் குடுக்கிறோம், இவன் பார்சல் கெட்டி அனுப்புறான், அல்லே?"

தென்னை மரம்

ஆட்டோ ஓட்டும் சுகுமாரன் எங்கள் நிரந்தர வாடிக்கை. கரமனை ஆற்றங்கரையில் நரம்பை எறிந்துவிட்டு, நுனியைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு, சாயாக் கடைக்குப் போய்விடுவார். அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் மீன் பிடிப்பார்கள். திரும்பி வரும்வரை மீன் முள்ளில் காத்துக்கொண்டிருக்கும். அவர் தலையில் முதல் அட்டையைக் கட்டினேன்.

பல்லில்லாத முள்ளுக்கு நரம்பு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும், தொய்ந்தால் மீன் கழன்றுகொள்ளும் என்பது அன்றைக்கு எனக்கும் தெரியாது, தென்னை மரத்துக்கும் தெரியாது. மறுநாள் வெறும் முள்ளைக் கவுண்டரில் போட்டார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "மீனு வந்து, தின்னு, போச்சு அண்ணாச்சி. நான் சாயா குடிச்சது போலத்தான்."

கழக்கூட்டத்துக்காரர்

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பையன் வந்தான். இங்கிலாந்தில் கொஞ்ச காலம் இருந்தவனாம். அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பல் வேண்டுமென்றேதான் இல்லையாம். மீனைப் பிடித்து, வலிக்காமல் கழற்றி, திரும்பத் தண்ணீரில் விடுவதற்காம். விடுவதற்கு ஏன் பிடிக்க வேண்டும் என்று கேட்டேன். "அதுதான் சார் விளையாட்டு" என்றான். ஒரு வியாபாரி அதற்கு மேல் கேட்கக் கூடாது. இரண்டு அட்டை கொடுத்தேன். பெட்டியைக் காலி செய்ய இப்படி நூறு பேர் வர வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் வாடிய முகத்தோடு வந்தான். ஆக்குளம் காயலில் உள்ளங்கை அகலத்துக்கு, நல்ல விலை போகும் ஒரு கரிமீனைப் பிடித்து, முத்தமும் கொடுத்து, தண்ணீரில் விட்டிருக்கிறான். கரையில் நின்றவர்கள் அடிக்காத குறை. அதிலும் ஒரு பெரியவர் கேட்டதை என்னிடம் வந்து ஒப்பித்தான்: "எடேய், எனக்குத் தந்திருந்தா நான் குழம்பில விட்டிருப்பேனே!"

பெருவிரல்

ஓணம் நெருங்கியது. பெட்டி அசையவில்லை. எனக்கு விற்கத் தெரியவில்லை, எப்படி விற்பது என்று தானே காட்டுவதாகச் சொல்லி முதலாளி கவுண்டருக்கு வந்தார். பேரனுக்குத் தூண்டில் வாங்க வந்த ஒரு அம்மாவிடம், இது எப்படிப் பிடிக்கும் பாருங்கள் என்று முள்ளைத் தன் பெருவிரலில் ஒரு இழுப்பு இழுத்தார். ஆர்வத்தில் கொஞ்சம் கூடிவிட்டது. நேராக உள்ளே இறங்கிவிட்டது. எங்கள் கடையில் வழக்கமான முள் விரலில் ஏறினால் நேரே ஆஸ்பத்திரிதான், பல் இருப்பதால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சசி ஆட்டோ கூப்பிட ஓடினான்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு முள்ளை இழுத்தார். வெண்ணெயிலிருந்து உருவிய கத்திபோல வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! விரலைத் தூக்கிக் காட்டி, பார்த்தீர்களா, கைக்கு ஒன்றும் ஆகவில்லை, தைரியமாக வாங்குங்கள் என்றார். அந்த அம்மா விரலையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். "கைக்கு ஒண்ணும் ஆகல்லன்னா மீனுக்கும் ஒண்ணும் ஆகாதே, அண்ணாச்சி?"

கத்திரி

நான் குடோனுக்குத் துண்டு ஒன்று எடுத்துவைத்துவிட்டேன், மூக்கில் கட்டிக்கொள்ள. அப்போது சுகுமாரன் மறுபடி வந்தார். அதே அட்டை இன்னும் ஒன்று வேண்டுமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாங்கியவர் கவுண்டரில் கிடந்த கத்திரியை எடுத்து, முள்ளை நறுக்கென்று வெட்டி எறிந்துவிட்டு நரம்பை என்னிடம் நீட்டினார். மீன் கழன்று போனாலும் நரம்பு அறுபடவில்லையே என்று அன்றைக்கே கவனித்திருக்கிறார். மெலிசு, ஆனால் இழுத்தால் கையை அறுக்கும். நல்ல நரம்பு, பல்லுள்ள பழைய முள்ளைக் கட்டித் தா என்றார். கட்டினேன். அடுத்த நாள் ஆட்டோ ஸ்டாண்டே வந்து நின்றது.

அதற்கப்புறம் என் விரலுக்கு ஓய்வே இல்லை. ஒவ்வொரு அட்டையும் திறப்பு, வெட்டு, கட்டு. கவுண்டரில் முன்னைவிடப் பெரிய கூட்டம், முன்னைவிட நீளமான கதைகள். வெட்டிய முள்ளில் சசி விலைச்சீட்டைக் கோர்த்துத் தொங்கவிட்டான். ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று, பெட்டி காலி. முதலாளி காலிப் பெட்டியையும் கூட்டத்தையும் பார்த்தார். சந்தோஷப்படுவதா திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை. குடோன் பேச்சை எடுக்கவில்லை. கடைசியில் என்னிடம் கேட்டார்: "லேய், கட்டி வந்ததை வெட்டி, வெட்டினதைத் திரும்பக் கட்டி... இது என்ன வியாபாரம்ல?"

என் சோலியை ஒழிக்க வந்த பெட்டிதான் என் சோலியைக் காப்பாற்றியது; எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், முதலாளி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.