இடது பக்க ஒயர்

ஒரு மாதமாக என் மனைவியின் புகார் ஒன்றுதான்: பாட்டுக் கேட்கும்போது இடது பக்க ஸ்பீக்கர் மங்கலாக ஒலிக்கிறது. குற்றவாளியையும் அவளே தீர்மானித்துவிட்டாள். ஒயர். அந்த ஒயர்களை நான்தான் பக்கத்து டவுனான கூலாயில் ஒரு கடையில் சாதாரணச் செம்புக் கம்பி வாங்கி, முனைகளில் ஈயம் பற்றவைத்துச் செய்திருந்தேன்.

"கடையில விக்கிறத வாங்கியிருந்தா இப்படி ஆகுமா? எல்லாத்தையும் சொந்தமா செஞ்சாதான் உங்களுக்குத் தூக்கம் வரும்."

அரசாங்க அலுவலகத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். பழுதைத் தேட ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பழுது இடம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். இடது ஒயரை வலது பக்கமும் வலது ஒயரை இடது பக்கமும் போட்டேன். ஒயர்தான் குற்றவாளி என்றால் மங்கல் வலது பக்கம் போயிருக்க வேண்டும்.

"இப்பவும் இடதுதான்," என்றாள்.

எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகவே கேட்டது. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு அப்போதே தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் அம்மா கடைசிக் காலத்தில் காது கேட்காமல், வீடு நிறைய ஆட்கள் பேசிக்கொண்டிருக்க, மற்றவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர். தனக்கும் அந்த நிலை வந்துவிடக் கூடாது என்பது இவள் பயம். அதனால் ஒயர் கெட்டுப்போயே ஆக வேண்டியிருந்தது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மருமகன் விஷயத்தைக் கேள்விப்பட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே வெல்வெட் மெத்தையில் ஒரு ஜோடி ஒயர், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ரப்பர் குழாயின் தடிமனில். அந்த விலைக்கு எங்கள் ஸ்டீரியோ செட்டையே இன்னொன்று வாங்கலாம். ஒயரின் மேல் ஓர் அம்புக்குறி வேறு.

"இது எதுக்கு?" என்றேன்.

"கரண்ட் இந்தப் பக்கமா போகணும் மாமா."

"ஸ்பீக்கர் ஒயர்ல கரண்ட் போகும், திரும்பியும் வரும். திரும்பி வரும்போது அம்ப யாரு திருப்பி வைப்பாங்க?"

"அலாமாக், மாமா! சும்மா போட்டுக் கேளுங்க லா. அத்தை சொல்லட்டும்."

"அடேயப்பா, இப்பத்தான் கேக்குது!" என்றாள் அத்தை. மருமகன் என்னை ஜெயித்த முகத்தோடு மீ கோரிங் நூடுல்ஸ் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் கார் தெருவைத் தாண்டியதும் இவள் எழுந்து போய் இடது பக்க ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தாள். வைத்தது வலது காதை. இரண்டு நாள் அந்த ஒயரைப் புகழ்ந்தாள். அதற்குப் பிறகு சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.

எங்கள் வரவேற்பறையின் தூரத்துக்கு என் கம்பியும் அந்த ரப்பர் குழாயும் ஒன்றுதான். மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டேன். ஆனாலும் அதைக் கழற்றவில்லை. வாங்கி வந்தவருக்கு மாமியார் மேல் உள்ள அக்கறையில் பழுதொன்றும் இல்லை.

ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வைத்தேன். மங்கல் இடது பக்கத்தைவிட்டு நகரவில்லை. மிச்சம் ஒரே ஒரு படிதான்: கேட்பவரின் நாற்காலியைத் திருப்பிப் போடுவது. வேலையில் ஒரு படியைக்கூடத் தாண்டாதவன் என்று பெயர் வாங்கிய நான், ஒரு வாரமாக ஸ்பீக்கர்களுக்குத் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் என்ன மாத்தணும்?" என்று ஒரு சாயங்காலம் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லாதீங்க. உங்க ப்ரொசிஜர் அவ்வளவு சீக்கிரம் முடியாது."

அவளே எழுந்து, தன் நாற்காலியைத் தானே திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"போடுங்க."

போட்டேன். ஒரு சரணம் முழுவதும் அசையாமல் கேட்டாள். பிறகு கையைப் பின்னால் நீட்டி, அதுவரை நன்றாக இருந்த வலது பக்க ஸ்பீக்கரைக் காட்டினாள். திரும்பி உட்கார்ந்ததில் அது இப்போது அவளுக்கு இடது பக்கம்.

"இப்ப இது மங்கல்."

நான் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் முன்னால் வெறும் சுவர்தான் இருந்தது.

"எங்கம்மாவ யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல," என்றாள். "வயசாச்சுன்னு விட்டுட்டோம்."

"முதல்ல கவர்மென்ட் கிளினிக். அங்க லெட்டர் குடுப்பாங்க. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில காது டாக்டர். மெஷின் வைக்கணும்னா வச்சுக்கலாம். எல்லா எடத்துக்கும் நான் கூட வரேன்." சொல்லச் சொல்ல என் குரல் தானாக உயர்ந்துகொண்டே போனது.

"கத்தாதீங்க," என்றாள். "வலது காது நல்லாத்தான் இருக்கு. காலையில எத்தன மணிக்குப் போனா சீக்கிரம் நம்பர் கிடைக்கும்?"