விருந்து நாளுக்கும் மூன்று வெள்ளி

என் நோயை முதலில் கண்டவர் சவரம் செய்பவர். சிராங்கூன் சாலையில் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் நாற்காலி போட்டிருப்பவர். கன்னத்தில் வைத்த கத்தியை எடுத்துவிட்டு, "என்னண்ணே, மூஞ்சி ஊதிக் கெடக்கு? தூக்கம் இல்லியா?" என்றார். நன்றாகத்தான் தூங்கினேன் என்றேன். அப்படியானால் வீட்டுச் சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். அவர் சொன்ன காரணம் எனக்கும் பிடித்திருந்தது.

ஆற்றோரத்து மிளகுக் கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) ஒன்றில் நின்றபடி மூட்டைகளின் எடையைக் கூவிச் சொல்வது என் வேலை. காலையில் இமை கனக்கும். மாலையில் கால் வீங்கிச் செருப்பு வார் தோலில் பதிந்துவிடும். சிறுநீர் குறைந்து, தண்ணீர் கலந்த கடுங்காப்பியின் நிறத்தில் போயிற்று. வெயிலில் வியர்த்துவிடுகிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைப் படிக்கிற யாருக்காவது இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால், என்னைப் போலக் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் போய்க் காட்டிவிடுங்கள்.

சிலேகி ரோட்டில் ஒரு டாக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் படித்தவர், தமிழில் பேசலாம் என்பதால் அவரிடம் போனோம். என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். சூடேறியதும் அது திரிந்த பாலைப் போலக் கலங்கியது. ஆல்புமின் (இரத்தத்தில் இருக்க வேண்டிய, முட்டை வெண்கரு போன்ற சத்து) சிறுநீரில் இறங்குகிறது என்றார். நோயின் பெயர் நெஃப்ரைட்டிஸ் (சிறுநீரகங்களில் வரும் அழற்சி).

"பயப்படாதேங்கோ. புதிசா வந்த வருத்தம், ஆற விட்டா ஆறும். படுக்க வேணும். உப்பை விட வேணும்" என்றார். யாழ்ப்பாணத்தார் நோயை வருத்தம் என்பார்கள்.

சுண்ணாம்புக் கம்பம் என்ற குடியிருப்புக்குப் பின்னால் இருந்த எங்கள் அறைக்கு ரிக்‌ஷாவில் வந்து பார்த்தார். ஒரு முறை வந்தால் மூன்று வெள்ளி என்று முதலிலேயே சொல்லிவிட்டார்; டாலரை இங்கே வெள்ளி என்போம். பாலும் உப்பில்லாக் கஞ்சியுமாகப் படுத்துக் கிடந்தேன். மெல்ல முகம் வடிந்தது, கணுக்கால் எலும்பு மறுபடியும் கண்ணில் பட்டது. எழுந்து நடமாடலாம், அரை நாள் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று என் மனைவி சிவகாமி கதவருகில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புருஷன் உயிரைக் காப்பாற்றியவரை வெறுங்கையோடு அனுப்புவதா? அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட வரச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். டாக்டர் சற்று யோசித்துவிட்டு, "வாறன்" என்றார். தனியாள், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கியிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். அந்த ஞாயிறு வந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும் கூப்பிட்டோம். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

பையைக் கொண்டுவரமாட்டார். என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்காருவார். எனக்குப் பரிமாறியதிலிருந்தே தனக்கும் கேட்பார். "அவருக்கு விட்ட ரசத்திலை எனக்கும் கொஞ்சம் விடுங்கோ அம்மா" என்பார். சிவகாமிக்குத் தலைகால் புரியாது. சாப்பிட்டதும் வெளிச்சமான பக்கம் என்னை உட்காரவைத்து ஊர்க்கதை பேசுவார். போகும்போது அடுப்படி வாசலில் நின்று அவளிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு பில் வந்தது. இருபத்தைந்து வெள்ளிக்குள் இருக்கும் என்று எடுத்து வைத்திருந்தோம். வந்ததோ அதில் இரண்டு மடங்கு. என் மாதச் சம்பளத்தைவிட அதிகம். தேதிகளைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று வெள்ளி.

சிவகாமியின் அண்ணன் தங்கவேலு வக்கீல் ஆபீசில் கிராணி (குமாஸ்தா). வாதம் என்றால் அவருக்கு அல்வா. "நம்ம எலையில தின்னுட்டு நமக்கே பில்லா? மாப்பிள்ளை, இத விடக்கூடாது" என்றார்.

"அண்ணே, அவர் சும்மா சாப்பிடல. உப்பு எவ்வளவு போடுறேன்னு பாத்துச் சொல்லிட்டுத்தான் போவாரு" என்றாள் சிவகாமி.

"சாப்பிட வந்தவன் உப்புப் பாக்காம வேற என்னத்தப் பாப்பான்?"

மச்சான் அப்படிச் சொன்னதும் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிவகாமியும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். மச்சான் குரலை உயர்த்தவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். விருந்தாளியாக வந்த நாளுக்குக் கூலி வாங்குவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை என்றார். டாக்டர் பில்லை வாங்கிப் பார்த்தார்.

"நீங்கள் விருந்துக்குக் கூப்பிட்டனீங்கள். நான் வருத்தக்காரனைப் பார்க்க வந்தனான். ரெண்டு பக்கமும் வாயைத் திறந்து கேக்கேல்லை" என்றார். பேனாவை எடுத்து ஞாயிறுகளை ஒவ்வொன்றாக அடித்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று நான் பார்த்தேன். இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் மச்சான் டிராமுக்கு எனக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினார். இருவருக்கும் ஜெயித்த சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. கூப்பிட்டால்தானே வருவார். சிவகாமி கேட்டபோது மச்சான், "இப்பக் கூப்பிட்டா, வெட்டுன காசச் சோறாக் குடுக்குறோம்னு நெனைப்பாரு" என்றார். எனக்கும் டாக்டர் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது. உடம்பு சரியில்லை என்றால் போகலாம், சரியாக இருக்கும்போது எதற்கு?

உடம்பு சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிறவனுக்கு நாக்கு கேட்கும். ஒரு நாள் கருவாடு கேட்டேன். பிறகு ஊறுகாய். சிவகாமி முதலில் மறுத்தாள். ஆனால் அடுப்படி வாசலில் நின்று அவளுக்குத் துணையாகப் பேசுகிறவர் இப்போது இல்லை. கணவன் முகம் சுளித்துக் கையை உதறி எழுந்தால் அவள்தான் என்ன செய்வாள்? முழு நாள் வேலைக்கும் போகத் தொடங்கினேன்.

அடுத்த மழைக்காலத்தில், தராசுக்குப் பக்கத்தில் நின்று எடை சொல்லும்போது மூச்சு முட்டியது. எண் வாயில் வந்தது, குரல் வரவில்லை. மிளகு மூட்டைகளின் மேல் என்னைச் சாய்த்து வைத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மோதிரம் விரலில் புதைந்திருந்தது.

மச்சானே ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தார். அவர் பழையதை ஒரு வார்த்தை பேசவில்லை. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், காலை அழுத்திப் பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார். வெளிச்சம் போதாமல் விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர்க்கதை பேச என்னை வெளிச்சத்தில் உட்காரவைத்தாரே, அது எதற்கு என்று.

"போன முறை முழுசா ஆறேல்லை. ஆறிக்கொண்டு வந்தது. ஞாயிறிலை நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்" என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாங்க ஐயா?" என்றாள் சிவகாமி.

"சொல்லியிருக்கத்தான் வேணும். காசுக்காகச் சொல்லுறன் எண்டு நினைப்பியள் எண்டு விட்டிட்டன். என்ரை பிழையும் இருக்கு."

அவர் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. சிவகாமி அடுப்படிக்குள் போய்விட்டாள். எங்களில் ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையை நான் இத்தனை முறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கமாட்டேன்.

பல வாரம் கிடந்தேன். மூச்சு திரும்பியது, வீக்கம் பாதி வடிந்தது, மீதி நின்றுவிட்டது. கிட்டங்கியில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள். டாக்டரின் பில் வந்தபோது மச்சான் அதை நெடுநேரம் பார்த்தார். மறுமுறை டாக்டர் வந்ததும் என் எதிரிலேயே எடுத்து நீட்டினார்.

"ஐயா, இதுல நாள் விட்டுப்போயிருக்கு. போன வாரம் வந்தீங்க, நான் இங்கதான் இருந்தேன். அதுக்கு முந்தியும் வந்தீங்க. அத எழுதலியே. போட்டுக் குடுங்க, குடுத்துடுறோம்."

வாழ்க்கையில் முதல்முறையாக மச்சான் பில் குறைவு என்று வழக்காடினார்.

"வந்தனான். அண்டைக்கு வைத்தியமாச் செய்ய எனக்கு ஒண்டும் இருக்கேல்லை. சும்மா இருந்து கதைச்சிட்டுப் போனனான். அதுக்கு என்னெண்டு காசு எழுதிறது?" என்றார் டாக்டர்.

மச்சான் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது காலை நேரம் மட்டும்தான் என்னுடையது. அதற்குள் குளித்து, பிழைப்புக்காகச் சிவகாமி பலகாரம் விற்கும் மேசையில் கணக்கெழுதி, இரண்டு பேரிடம் பேசிவிட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கால் வீங்கித் தண்ணீருடையதாகிவிடும். அடுத்த வருடம் என்று யாராவது பேச்செடுத்தால் நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன். முன்பு நாள்களை மூட்டையைப் போல இறக்கி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன். இப்போது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கப் பார்க்கிறேன்.

டாக்டர் மறுபடியும் ஞாயிறுகளில் வருகிறார். உப்பில்லாத ரசத்தை என்னோடு சாப்பிடுகிறார். வெளிச்சத்துக்கு வரச் சொல்வதில்லை, உட்கார்ந்த இடத்திலேயே பேசுகிறார். எனக்குப் பிடித்ததைக் கொஞ்சம் கொடுக்கலாம் என்று சிவகாமியிடம் சொல்லியிருக்கிறார். அவர் வரும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மாதக் கடைசியானால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செய்ய ஏதோ இருந்ததாக ஒரு ஞாயிறுக்காவது மூன்று வெள்ளி கேட்டு ஆள் வரமாட்டானா என்று. இந்த மாதமும் பில் வரவில்லை.