அண்ணி அழுத்திய வெறும் என்டர்

போன ஆவணி மாதம் ஆரணியில் நடந்தது இது. பக்கத்துச் சேத்துப்பட்டில், அம்மா வீட்டில் இருக்கும் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வரவேற்புக்கு மயில் கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை வேண்டும், அதுவும் என் நாத்தனார் நெய்ததாக இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள் அவள். நாத்தனார் என் வீட்டுக்காரரின் அக்கா. அடுத்த தெருவில் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாய் கொஞ்சம் அதிகம், கை அதைவிட வேகம்.

சிக்கல் என்னவென்றால், ரவிக்கைத் துணி புடவையின் கடைசியில்தான் நெய்யப்படும். புடவை தறியை விட்டு இறங்கினால்தான் ரவிக்கையைத் தைக்கக் கொடுக்கலாம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் துணி வந்தாகவேண்டும் என்று தையல்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அம்மா தினமும் போன் செய்து, "வருமா வராதா, சொல்லிடும்மா, இல்லன்னா கடையில எடுத்துடறேன்" என்பார். அண்ணியிடம் கேட்டால், "வரும் வரும்" என்பதோடு சரி.

அந்தச் சமயம் நான் ஆன்லைனில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டிருந்தேன். மகள் பள்ளிக்கூடம் போனபிறகு கிடைக்கும் நேரத்தில்தான் படிப்பு. எதிரே இருப்பவர் தட்டும் எண்களை ஒவ்வொன்றாக வாங்கி ஒரு லிஸ்டில் சேர்ப்பது எப்படி என்பதுதான் அந்த வாரப் பாடம். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. தினமும் எத்தனை முழம் நெய்தார் என்று கேட்டு வாங்கி, சராசரி பார்த்து, மீதி முழத்தை அதனால் வகுத்தால் புடவை இறங்கும் தேதி வந்துவிடுமே! அதற்கொரு புரோகிராம் எழுதி முடித்ததும் எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். அவருக்கும் ஆசை, நானே தட்டுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். முதல் கேள்வியே "0-வது நாள் எத்தனை முழம்?" என்று வந்தது. கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும் என்று விளக்கினேன். உன் கம்ப்யூட்டருக்கு நல்ல நாள் பார்த்து ஆரம்பிக்கத் தெரியாதா என்று கிண்டல் செய்துவிட்டு, எதுவும் தட்டாமல் வெறுமனே என்டரை அழுத்தினார். திரை முழுக்கச் சிவப்பாக எரர்.

ஒன்றும் நெய்யவில்லை என்றால் பூஜ்யம் போடுங்கள் அண்ணி என்றேன். கல்யாணப் புடவைக்கு முட்டை போடுவதா, முடியவே முடியாது என்று கையை எடுத்துக்கொண்டார். அவரோடு யார் மல்லுக்கட்டுவது? வெறும் என்டர் வந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்படி நானே ஒரு வரி சேர்த்துவிட்டேன். அவரும் சில நாட்களுக்கு முழக்கணக்கும் சில நாட்களுக்கு வெறும் என்டருமாகத் தட்டி முடித்தார்.

வந்த தேதி, தையல்காரம்மா சொன்ன கெடுவைத் தாண்டியிருந்தது. பதறிப்போய் அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து சொல்லியும் விட்டேன். மறுநாள் காலை பஸ் பிடித்து வந்து கடையில் எடுத்துவிடுகிறேன் என்றார் அம்மா. அண்ணியின் முகம் விழுந்துவிட்டது. எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. பாதிக்குமேல் நெய்த புடவை கண்ணெதிரே இருக்கிறது, கணக்கு ஏன் இப்படிச் சொல்கிறது? லிஸ்டை அப்படியே திரையில் வரவழைத்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் வரிசையாகப் பூஜ்யம், நடுவிலும் ஒன்று. அந்த நாட்களில் என்ன செய்தீர்கள் அண்ணி என்று மெதுவாகக் கேட்டேன்.

"பழைய பாவோட புதுப் பாவ இழை இழையா முறுக்கிகினு இருந்தேன். கண்ணு பூத்துப்போச்சு. நடுவுல ஒரு நாள் அமாவாசை, தறியத் தொடமாட்டோம். நீ இன்னாடான்னா முட்டை போட்டுகினு கீற. நான் சும்மாவா குந்திகினு இருந்தேன்?"

சுருக்கென்று இருந்தது. நீளவாட்டு நூலைத்தான் பாவு என்பார்கள். அதை இணைக்காமல் நெசவே கிடையாது. ஒரு தடவை இணைத்தால் இந்தப் புடவை முடியும்வரை மறுபடி அந்த வேலை வராது. அடுத்த அமாவாசையும் கல்யாணத்துக்கு அப்புறம்தான். இனி வரவே வராத நாட்களை வரப்போகும் நாட்களோடு கலந்து, அண்ணியின் வேகத்தை நான்தான் குறைத்திருக்கிறேன். இன்னொரு விஷயமும் அப்போதுதான் உறைத்தது. முதலில் வந்த அந்தச் சிவப்பு எரர் பொய் சொல்லவில்லை. இது எண் இல்லை, என்னவென்று கேள் என்றுதான் அது சொன்னது. நான் கேட்காமல் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

வெறும் என்டரை லிஸ்டில் சேர்க்காமல் தாண்டிப் போகும்படி மாற்றினேன். இந்தத் தடவை வந்த தேதி, கெடுவுக்கு முன்னாலேயே இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். கொஞ்சம் முன்னாடி ஒன்று சொன்னாய், இப்போது ஒன்று சொல்கிறாய், உன்னை நம்புவதா என்று எரிந்து விழுந்தார். போனை அண்ணியிடமே கொடுத்தேன்.

"நீங்க வரவேணாம்மா, நான் இருக்கேன்" என்றார் அண்ணி. அம்மா பஸ் ஏறவில்லை.

நடுவில் மழை பிடித்து, ஈரத்தில் தறி ஓடாததால் கணக்கு சொன்னதற்கு ஒரு நாள் பிந்தித்தான் புடவை இறங்கியது. ஆனாலும் ரவிக்கை தயாராகிவிட்டது. வரவேற்பு மேடையில் தங்கை நின்ற அழகைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணியோ, முந்தானையை இன்னும் கொஞ்சம் இறக்கிவிடச் சொல்லி என்னை விரட்டிக்கொண்டிருந்தார்.

படிப்பு முடிந்து, போன மாதம் முதன்முதலாக ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். முன் அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டிருந்த இடத்தில், யோசிக்காமல் பூஜ்யத்தைத் தட்டிவிட்டேன். படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டதும், மகளைத் தூக்கிச் சுமந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அழித்துவிட்டேன். அந்த வருடங்களுக்கு என்ன எண் போடுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. பூஜ்யம் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.