‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதிய தாள்

முதலில் வந்தது அக்கி. என் கணவரின் இடது விலாவில், முதுகிலிருந்து மார்பு வரை ஒரு பட்டை போலக் கொப்புளங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு தயாரிக்கும் தொழிற்சாலையில் அவர் மெஷின் ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்து முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு வந்தவர், சட்டை உரசுவதே தாங்கவில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டு நின்றார். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. எங்களுக்குத் திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அவரை இங்கே சுந்தர் என்றும் என்னைக் கலை என்றும் எழுதுகிறேன். இரண்டும் எங்கள் பெயர்கள் அல்ல.

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா சரசக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அக்கிக்கு இன்னாத்துக்கு டாக்டரு? ஆவடில ஒருத்தர் அது மேல காவி மண்ணுல எழுதுவாரு. மூணு தபா எழுதிகினு வா, கருகிடும்.”

எழுதிக்கொண்டு வந்தோம். கொப்புளம் கருகியது, வலி போகவில்லை. இரண்டு மாதத்தில் அவருடைய பேன்ட்டுகள் எல்லாம் இடுப்பில் நிற்காமல் போயின. வாய்க்குள் தயிர் ஒட்டியது போல வெள்ளைத் திட்டுகள் வந்தன. அதன் பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

அவர் பொறுமையாகப் பார்த்தார். “அக்கி வயசானவங்களுக்கு வர்றது சகஜம். இந்த வயசுல அக்கியும் வந்து, எடையும் குறைஞ்சு, வாயில வெள்ளையும் படிஞ்சிருக்குன்னா ஒரு டெஸ்ட் எழுதித்தான் ஆகணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு (எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் இலவசமாகத் தரும் இடம்) அனுப்பினார். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு ஆலோசகர் சுந்தரைத் தனியாகக் கூப்பிட்டார். வெளியே வந்தவர் பெஞ்சில் உட்காரவில்லை.

“எனக்கு இருக்காம். உன்கிட்ட நானே சொல்லணும்னு கேட்டுக்கிட்டேன். நீயும் டெஸ்ட் எடுத்துக்கணும், கலை.”

என் முடிவு வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. “உங்களுக்கு இல்லம்மா,” என்றார் ஆலோசகர் நிர்மலா. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றும் சொன்னார் (தொற்றிய புதிதில் சில வாரங்களுக்குச் சோதனையில் தெரியாது. அதைச் சாளரக் காலம் என்கிறார்கள்). பக்கத்தில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்க, எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்காக வெகுநாள் வெட்கப்பட்டேன். நீங்களும் அப்படி உணர்ந்திருந்தால், அதில் குற்றம் ஒன்றுமில்லை என்று இப்போது சொல்வேன்.

கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. மறுநாளே வானகரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். “சண்டையா?” என்று கேட்டாள். “ஆமா,” என்றேன்.

ஒன்பதாம் நாள் அவரிடமிருந்து செய்தி வந்தது. “இன்னைக்கு மாத்திரை ஆரம்பிச்சுட்டேன். தலை சுத்துது. உன்னை வரச் சொல்லல. யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு, உன்னைத் தவிர யாரும் இல்ல.”

அடுத்த நாள் காலையில் கிளம்பினேன். அவரை மன்னித்துவிட்டுப் போனேன் என்று சொன்னால் பொய். எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

“எப்படிங்க வந்துச்சு?”

கல்யாணத்துக்கு முன்னால் புனேயில் இரண்டு வருடம் வேலை பார்த்ததையும், அங்கே நடந்ததையும் சொன்னார். எதையும் மழுப்பவில்லை. “டெஸ்ட் எடுக்கணும்னு தோணவே இல்ல. தெரிஞ்சிருந்தா உன்னைக் கட்டியிருக்க மாட்டேன்.”

“கட்டியாச்சு. இப்ப சாப்பிடுங்க,” என்றேன். அந்தக் கோபம் ஒரே நாளில் போகவில்லை. சமைக்கும்போது வரும், பஸ்ஸில் வரும், கொஞ்சம் கொஞ்சமாக வருவது குறைந்தது.

சிகிச்சை என்பது தினமும் ஒரே ஒரு மாத்திரை. அதற்குள் மூன்று மருந்துகள். ஒரே நேரத்தில், ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். காலை ரயிலுக்குக் கிளம்பும் முன் ஏழு மணி என்று வைத்துக்கொண்டார். முதல் மூன்று வாரம் குமட்டல், கெட்ட கனவுகள். சிடி4 (எதிர்ப்புச் சக்தியைக் காக்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை) மிகவும் கீழே இருந்ததால் கூடவே வேறு மாத்திரைகளும் இருந்தன. இரண்டாம் மாதம் பசிக்கிறது என்றார். ஒரு மனிதர் பசிக்கிறது என்று சொல்வதைக் கேட்டு நான் அழுதது அந்த ஒரு முறைதான்.

மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனையிலும் எனக்கு இல்லை என்றே வந்தது. ஆனாலும் அவர் என்னைத் தொடப் பயந்தார். ஷேவிங் பிளேடைக் காகிதத்தில் சுற்றிச் சுற்றி வைப்பார். என் டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டார். டம்ளரிலோ தொடுவதிலோ பரவாது என்று நிர்மலா மேடம் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்கவில்லை.

ஆறாம் மாதம் வைரல் லோடு (ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்ற அளவு) பார்த்தார்கள். சில நாள் கழித்து சிகிச்சை மைய டாக்டர் முடிவுத் தாளை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். “கண்டறியப்படவில்லை.”

“அப்ப போயிடுச்சா, டாக்டர்?” என்று கேட்டேன்.

“போகலம்மா. ஒளிஞ்சிருக்கு. மாத்திரையை நிறுத்தினா திரும்ப வந்துடும். நிறுத்தாம இருந்து, இந்த அளவு இப்படியே இருந்தா, தாம்பத்தியத்துல உங்களுக்குப் பரவாது.”

“அதை எப்படி உறுதியாச் சொல்றீங்க?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “பல நாட்டுல உங்களை மாதிரி ஒருத்தருக்கு இருந்து ஒருத்தருக்கு இல்லாத ஜோடிங்களை வருஷக்கணக்கா கவனிச்சாங்க. கிருமி இப்படி அடங்கியிருந்த வரைக்கும் துணைகிட்டருந்து ஒருத்தருக்குக்கூட வரல. நான் சும்மா தைரியத்துக்குச் சொல்லல.”

எங்களுக்குத் தெரியாத தேசங்களில் முகம் தெரியாத யாரோ கணவன் மனைவிகள், தங்கள் படுக்கையறைச் சங்கதிகளை அந்நியர்களிடம் சொல்லி, வருடக்கணக்கில் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வாய் திறந்து சொன்னதால் நாங்கள் ஒருவரையொருவர் தொட முடிந்தது. அன்று பஸ்ஸில் சுந்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆவடி வரும்வரை விடவில்லை.

அடுத்த வருடம் நிர்மலா மேடம் ஒரு கூட்டத்துக்கு எங்களை அழைத்தார். தினசரி மாத்திரைக்குப் பதிலாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைப் பற்றி ஓர் ஆராய்ச்சி. வெளிநாட்டில் எழுதித் தமிழுக்கு மாற்றிய சம்மதப் படிவத்தை எங்களைப் போன்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். ‘பங்கேற்பாளர் பாதகமான நிகழ்வுக்கு உட்படுவாராயின்’ என்று தொடங்கிய வாக்கியம் அரைப் பக்கம் ஓடியது. எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையலைச் சரிபார்ப்பவள். பிசகைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க வராது.

“இது புரியலீங்க,” என்றேன்.

படிவத்தைக் கொண்டுவந்த இளம் டாக்டர், “நீங்க எப்படி எழுதுவீங்க?” என்று கேட்டார்.

“ஊசி போட்ட பிறகு உடம்புக்கு ஏதாவது செஞ்சா யாரைக் கூப்பிடணும், செலவை யார் பார்ப்பாங்க, அவ்வளவுதானே? அதை எழுதுங்க.” பிறகு மனதில் இருந்ததைக் கேட்டேன். “நடுவுல வேண்டாம்னு விலகினா, இங்க கொடுக்கற மாத்திரையை நிறுத்திடுவாங்களா?”

“நிறுத்த மாட்டாங்க.”

“அப்ப அதை முதல் பக்கத்துல போடுங்க. எங்க ஆளுங்க தேடுறது அதைத்தான்.”

அடுத்த கூட்டத்துக்கு வந்த படிவத்தில் அது முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் இருந்தது. சுந்தர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் ஊசி ஆராய்ச்சியில் சேரவில்லை, அவருக்கு மாத்திரையே போதும் என்றார். நான் மட்டும் இப்போதும் கூட்டங்களுக்குப் போகிறேன்.

எனக்கு இது ஐந்தாம் மாதம். டாக்டரைக் கேட்டு, அவருடைய அளவு அடங்கியே இருப்பதை மறுபடி மறுபடி பார்த்த பிறகு எடுத்த முடிவு. கர்ப்பகாலப் பரிசோதனையிலும் எனக்கு எச்ஐவி இல்லை.

நோய் வந்த வருடத்தில் எங்கள் காலம் சோதனைக்குச் சோதனை என்று குறுகிக் கிடந்தது. மூன்று மாதத்துக்கு அப்பால் ஒரு தேதியை இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் உடம்பை நான் ஒரு சாட்சியைப் போல விசாரித்துக்கொண்டே இருந்தேன். சின்னக் காய்ச்சல் வந்தாலும் குறுக்குக் கேள்விதான். இப்போது அது என் உடம்பு மட்டுமே. கால் வீங்குகிறது, புளிப்பு கேட்கிறது, மதியம் தூங்கிவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த சுந்தர் விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார்.

“பொறக்கற புள்ள பத்தாவது எழுதறப்போ எனக்கு ஐம்பத்தொண்ணு ஆயிடும், கலை. ரிட்டயராக இன்னும் ஏழு வருஷம் இருக்கும். பரவால்ல, காலேஜும் படிக்க வச்சுடலாம்.”

“படிக்க வைங்க,” என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தேன்.