நஸ்ரினின் நூற்று அறுபத்தைந்து

ஏர் கன் ரிப்பேர் செய்கிறவனிடம் இதுவரை எவரும் தன் கையைக் கழற்றிக் கொண்டுவந்து "இதைக் கொஞ்சம் பாருப்பா" என்று சொன்னதில்லை. குறி தப்பினால் குற்றவாளி எப்போதும் துப்பாக்கிதான். தையல் மிஷின் பார்க்கிறவர்களுக்கும் ஃபேன் மோட்டார் கட்டுகிறவர்களுக்கும் இந்த அவஸ்தையை நான் விளக்க வேண்டியதில்லை.

ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் நடக்கிற ரைஃபிள் கிளப்புக்கு நான் மெக்கானிக். எங்கள் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை அழுத்தும், காற்று ஈயக் குண்டை விரட்டும். அவ்வளவுதான் சங்கதி. இதை வைத்து நான் எண்ணூரில் நின்று, சில மைல் தள்ளிக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நின்ற கப்பலின் கொடிக்கயிற்றை அறுத்த கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்கள் டீக்கடையில் விசாரித்துக்கொள்ளலாம்.

இந்த முறை வந்த வழக்கு தலைகீழ். தண்டையார்பேட்டை நஸ்ரின் தன் கையைத்தான் குறை சொன்னாள். மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். வேலை முடிந்ததும் சொந்தத் துப்பாக்கியோடு வந்துவிடுவாள். நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கொஞ்ச நாளாக முதல் குண்டுகள் குறி அட்டையின் உச்சிக்குப் போயின, அப்புறம் படிப்படியாகக் கீழே இறங்கின. ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அவள் துப்பாக்கியால் நானும் சுட்டுப் பார்த்தேன், சிதறியது. ஆனால் என் கை நடுக்கத்தை எந்தக் கோர்ட்டும் சாட்சியாக ஏற்காது. "இந்த வாட்டியும் கவுந்தா துப்பாக்கிய வித்துட்றேன் தாத்தா. எனுக்குக் கை போய்ட்ச்சு" என்றாள்.

முதல் குறி

எங்கள் செயலாளர் தெற்கத்திக்காரர், இரும்புக்கடை அண்ணாச்சி. எங்கிருந்தோ ஒரு பெட்டியை வரவழைத்து என் மேஜையில் வைத்தார். குரோனோகிராஃப் என்றார். செங்கல்லைவிடக் கொஞ்சம் நீளம், மேல்நோக்கி இரண்டு கண். குண்டு பறக்கும்போது அதன் நிழல் முதல் கண்ணில் விழும், அப்புறம் இரண்டாவதில். இடைப்பட்ட நேரத்தை வைத்துப் பெட்டி வேகத்தைச் சொல்லிவிடும். "கையா துப்பாக்கியான்னு இது சொல்லிரும். ஞாயித்துக்கெழமைக்குள்ள நீரு இதப் படிச்சிரும்" என்று உத்தரவு.

படித்தேன். பெட்டியை முன்னால் வைத்து, அதன் தலைக்குமேல் நாலு விரல் உயரத்தில் குறி பார்த்துச் சுட்டேன். பெட்டி மேஜையிலிருந்து குதித்து இறங்கியது. என் கண் பார்த்த இடம் வேறு; குண்டு புறப்பட்ட குழாய் கண்ணுக்குக் கீழே இருக்கிறதே, அதை மறந்துவிட்டேன். பத்து மீட்டரில் தெரியாத வித்தியாசம், முழங்கை தூரத்தில் பல்லை இளித்துவிட்டது. நல்லவேளை, மூலைதான் போயிற்று, கண் தப்பியது. அண்ணாச்சி குனிந்து எடுத்துத் துடைத்தபடி சொன்னார்: "வேகத்த அளக்கச் சொன்னா பெட்டிய வேட்டையாடுதீரே வே."

தொள்ளாயிரம்

பெட்டியின் மூலைக்குப் பிளாஸ்டர் ஒட்டி மறுபடி உட்கார்ந்தேன். மாடியில் வரிசையாக டியூப் லைட். பெட்டி தொள்ளாயிரம் என்று காட்டியது. ஒரு நொடிக்குத் தொள்ளாயிரம் மீட்டர். சத்தமே அதில் பாதி தூரம்கூடப் போகாது. எனக்கு மெய் சிலிர்த்தது. கீழே இறங்கி டீக்கடையில் சொன்னேன், மீன் ஐஸ் வண்டிக்காரரிடம் சொன்னேன், ஆயிரமாக்கியும் சொன்னேன்.

திரும்பி வந்தால் நஸ்ரின் பெட்டி முன்னால் கைகட்டி நிற்கிறாள். டியூப் லைட் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்குமாம். அந்தத் துடிப்பைக் குண்டின் நிழல் என்று நினைத்துப் பெட்டி தன் பாட்டுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தது. துப்பாக்கி சுவரில் சாத்திக் கிடந்தது. "உங்க கதை மாறியே கீது தாத்தா. சுடறதுக்கு முன்னாடியே குண்டு போய்ச் சேந்துட்ச்சு."

கும்மிடிப்பூண்டி வண்டி

அதனால் பெட்டியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். வானத்து வெளிச்சம் துடிக்காது. அங்கே வேறு பேஜாரு: காற்று வடக்கேயிருந்து அடித்தால் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் வந்து பெட்டியின் கண்ணை மூடிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் பனியன் துணியால் துடைத்துவிட்டுச் சுட வேண்டும். கொடிக்கயிற்றை அறுத்த என் பழைய துப்பாக்கியை எடுத்து, இந்த முறை குழாயைப் பார்த்துக் குறிவைத்து, இழுத்தேன்.

நூற்று இருபத்தெட்டு.

வெட்கப்பட வேண்டியவன் வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். மறுபடி சுட்டேன், நூற்று இருபத்தேழு. மறுபடி, நூற்று இருபத்தெட்டு. வாலிபத்திலிருந்து இந்தக் குண்டுகளோடு வாழ்கிறேன். ஒன்றையாவது பறக்கும்போது பார்த்திருப்பேனா? குழாயில் போடுவேன், அட்டையில் ஓட்டையைப் பார்ப்பேன். நடுவில் நடந்தது ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்றிருந்தேன். நான் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் நூறு குண்டு வரிசையாகத் தாண்டிப் போகலாம். அத்தனையையும் இந்தச் செங்கல் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடும். பிளாஸ்டர் ஒட்டிய அதன் மூலையைத் தொட்டு நான் கண்ணில் ஒற்றிக்கொண்டதை அண்ணாச்சி கவனித்தார். ஆனால் அவர் மனதெல்லாம் நம்பரில். "இந்த வேகத்துல உம்ம குண்டு காட்டுப்பள்ளி போணும்னா, கும்மிடிப்பூண்டி வண்டில டிக்கெட் எடுத்துல்லா ஏறணும் வே."

மருந்தில்லாத புகை

சனிக்கிழமை நஸ்ரின் முறை. அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது, தீர்ப்பு கேட்க வந்தவள் மாதிரி. முதல் குண்டு இருநூற்று முப்பது. அடுத்தது இருநூற்றுப் பத்து. நூற்றுத் தொண்ணூறு. நூற்று எழுபத்தைந்து. ஒவ்வொன்றும் ஒரு படி கீழே. கை நடுங்கினால் குண்டு கோணலாகப் போகும். வேகம் எப்படி மாறும்? "கை இல்லம்மா" என்று சொல்ல வாயெடுத்தவன் மூக்கைச் சுளித்தேன். குழாய் முனையில் மெல்லிசாகப் புகை. வெடிமருந்தே இல்லாத துப்பாக்கிக்குப் புகை எங்கிருந்து வரும்?

"யாரும்மா இதுக்கு எண்ணெய் போடறது?"

"அத்தாதான். உப்புக் காத்துல துருப்புடிச்சிடும்னு தெனம் போடுவாரு."

அவள் அப்பா காதர் பாய் காசிமேட்டில் விசைப்படகு என்ஜின் பார்க்கிறவர். போன் போட்டதும் கை துடைக்காமல் வந்தார். இடுப்பில் எண்ணெய்க் கேன். பிஸ்டன் இருக்கிற இடத்திலேயே நாலு சொட்டு ஊற்றுவதாகப் பெருமையாகச் சொன்னார். நான் துப்பாக்கியைப் பிரித்துக் காட்டினேன்: பிஸ்டன் பாய்கிறது, காற்று சூடாகிறது, எண்ணெய் பற்றிக்கொள்கிறது, குண்டு எகிறுகிறது. எண்ணெய் தீரத் தீர வேகம் இறங்குகிறது, அட்டையில் ஓட்டையும் கூடவே இறங்குகிறது. பாதி சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. டீசல் என்ஜினோடு வாழ்கிறவருக்கு மீதியை நான் சொல்வானேன்? மகளைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். "அப்ப எம் பொண்ணு இத்தினி நாளா துப்பாக்கி சுடல நைனா. டீசல் போட் ஓட்டிகினு இருந்துகீது."

ஞாயிற்றுக்கிழமை

பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரைத் துணியால் உலரத் துடைத்து, துப்பாக்கியைப் பூட்டி, காலையில் மொட்டைமாடியில் பெட்டி முன்னால் நஸ்ரினைச் சுடவைத்தோம். நூற்று அறுபத்தைந்து, நூற்று அறுபத்தாறு, நூற்று அறுபத்தைந்து. நஸ்ரின் நம்பரைப் பார்க்கவில்லை, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தொலைந்துபோன பொருள் கிடைத்த மாதிரி.

போட்டியும் எங்கள் மாடியில்தான். குண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அணியின் கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது. கடைசியோ முதலோ, பட்டியலில் பெயர் வந்துவிட்டது. காதர் பாயை மட்டும் காணவில்லை. தேடிப் போனேன். கீழே, வருகிறவர் போகிறவர் தள்ளும்போதெல்லாம் கிறீச்சிட்டு மேலே சுடுகிறவர்களைத் திடுக்கிட வைக்கிற இரும்புக் கேட் பக்கத்தில் குந்தியிருந்தார். ஒவ்வொரு கீலுக்கும் சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. பெயர் வந்த விஷயத்தைச் சொன்னேன். நிமிராமல் கேட்டார்: "இதுக்கு ஊத்தலாம் இல்ல நைனா? இது எங்கயும் பறக்காதே?"

என் வாயிலிருந்து ஊருக்குள் போன நம்பர்களில் நான் ஒன்றுகூடக் கூட்டாமல் சொல்வது நஸ்ரினின் நூற்று அறுபத்தைந்து மட்டும்தான், அதைத்தான் டீக்கடையில் ஒருவரும் நம்புவதில்லை.