அனுமதி கேட்ட வீடியோக்காரர்

ஹட்டனில் ரயில் ஏறி பட்டிப்பொலயிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் சுருட்டை முடியும் மஃப்ளருமாக ஒரு வீடியோக்காரர். போனைத் தூக்கும் முன் ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்துக் கேட்பார்.

"என்ன தம்பி கேக்குறீங்க?" என்றேன்.

"பக்கத்துல பாட்டு ஓடுதான்னுதாங்க ஐயா. எங்க தேயிலத் தோட்டத்துக் கோயில் தேர வீடியோ எடுத்துப் போட்டேன். கோயில் ஸ்பீக்கர்ல ஓடுன சினிமாப் பாட்டும் அதுல விழுந்திருச்சு. பாட்டுக்கு உரிமைக்காரங்க முறைப்பாடு போட்டு வீடியோவத் தூக்கிட்டாங்க. இன்னும் இப்பிடி மாட்டுனா என் சேனலே போயிரும்."

"தேரு ஒங்க தோட்டத்துத் தேருதானே?"

"பாட்டு அவங்களோடதுதானுங்களே" என்று சிரித்தார்.

அந்நேரம் பின்சீட்டுக்காரர்கள் கைதட்டி சினிமாப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார்கள். மூடுபனி விலகி மலை பளிச்சென்று தெரிந்தது. அவரோ போனை மடியில் வைத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய காலத்தில் குளிர் தெரியாமலிருக்க நாங்களே பாட்டுக் கட்டிப் பாடுவோம். அந்தப் பழக்கத்தில் சத்தமாக எடுத்துவிட்டேன்:

"மேட்டுல மூச்சு வாங்கும் ரயிலே
என் முட்டிவலி ஒனக்கும் வந்திருச்சா?"

பின்சீட்டுக்காரர்கள் தங்கள் பாட்டை விட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இது யாரு பாட்டுங்க ஐயா?" என்றார் வீடியோக்காரர்.

"இப்பத்தான் கட்டுனேன்."

அப்போதும் அவர் போனைத் தூக்கவில்லை. "அப்ப நீங்கதான் உரிமைக்காரர். எடுத்துக்கலாமுங்களா?"

"வடை வாங்கித் தந்தா எடுத்துக்கங்க."

வடையும் வந்தது, வீடியோவும் ஓடியது. எத்தனையோ பாட்டுக் கட்டியிருக்கிறேன். பாடச் சொன்னவர்கள் உண்டு, மேற்பார்வைக்கு வந்து வாயை மூடச் சொன்ன கண்டாக்கையாவும் உண்டு. எடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.